பீம்: ஒரு கொழுவைத் தீட்டக் கொடுத்த கூலி

சாமுவேலின் முதலாம் புத்தகம் 13ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து நின்றுகொண்டே ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கின்றன. இஸ்ரவேலர் யாவரும் தங்கள் கொழுவிரும்பையும் மண்வெட்டியையும் கோடரியையும் தீட்டிக் கூர்மையாக்கப் பெலிஸ்தரிடத்துக்குப் போகவேண்டியிருந்தது என்கிறது 20ஆம் வசனம். அவற்றைக் கூர்மையாக்குவதற்கு "அரங்கள் மாத்திரம் அவர்களிடத்தில் இருந்தது" என்கிறது, நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தின் 21ஆம் வசனம். கையில் அரம் இருந்தால் எதற்காகக் கொழுவைத் தூக்கிக்கொண்டு எதிரியின் ஊருக்குப் போக வேண்டும்? போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அந்த அரத்தால் என்ன பயன்? இந்தக் கேள்வி எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருந்து வந்தது.

உறுத்தலைப் பெரிதாக்கியது ஒரு பிரசங்கம். பேச்சாற்றல் மிக்க போதகர் ஒருவர் இந்த வசனத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, பட்டயம், அதாவது வாள், இல்லாவிட்டாலும் அரத்தையாவது கர்த்தர் மிச்சம் வைத்தார் என்று ஒரு மணி நேரம் பேசினார். கேட்டவர்கள் கண்கலங்கினார்கள், எனக்கும் அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அதிகாரத்தை முழுவதுமாகப் படித்தபோது, கதை சொல்பவர் எந்த இடத்திலும் ஆறுதல் சொல்லும் மனநிலையில் இல்லை என்பது தெரிந்தது. மிக்மாசில் பெலிஸ்தர் பாளயமிறங்கியிருக்கிறார்கள். ஜனங்கள் கெபிகளிலும் முட்காடுகளிலும் ஒளிந்துகொள்கிறார்கள். இஸ்ரவேலின் ராஜாவான சவுலோடு எஞ்சியிருப்பவர்கள் ஏறக்குறைய 600 பேர். யுத்தநாளில் சவுலுக்கும் அவர் மகன் யோனத்தானுக்கும் அன்றி வேறு எவர் கையிலும் பட்டயமோ ஈட்டியோ இல்லை. இப்படி அடுக்கிக்கொண்டே வருகிறவர், நடுவில் நின்று "ஆனாலும் அரம் இருந்தது" என்று சொல்வாரா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம் ஒன்று உண்டு. சின்ன மழுங்கலுக்கு வீட்டில் இருந்த அரம் போதும், அடித்துத் தோய்க்க வேண்டிய பெரிய வேலைக்குப் பட்டறைக்குப் போனார்கள் என்பார்கள். பட்டறை வேலையைப் பொறுத்தவரை இது நியாயமான பேச்சுதான். ஆனால் வசனம் அதைச் சொல்லவில்லை. நாம்தான் வசனத்துக்காகப் பேசுகிறோம்.

ஒரே ஒரு முறை வந்த சொல்

"அரம்" என்று தமிழில் நிற்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பவை இரண்டு சொற்கள்: "பெட்சீரா", "பீம்". இரண்டுமே எபிரெய வேதாகமம் முழுவதிலும் இந்த ஓர் இடத்தில் மட்டுமே வருகின்றன. அதே வசனத்தில் "முக்கூருள்ள ஆயுதம்" என்று தமிழில் வந்திருக்கும் "கில்லெஷோன்" என்பதும் அப்படித்தான். இப்படி ஒரே முறை வரும் சொற்கள் பழைய ஏற்பாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன; பெரும்பாலானவற்றின் பொருளை வேர்ச்சொல்லைக் கொண்டோ, அரமேயம், அரபு, அக்காத் முதலிய உறவு மொழிகளைக் கொண்டோ ஊகித்துவிடலாம். ஒரே வசனத்தில் மூன்று சேர்ந்து வந்தால் பிடித்துக்கொள்ளக் கொம்பே இருக்காது. சூழலைக் கொண்டு சொல்லைப் புரிந்துகொள்ளலாம் என்றால், சூழலாக நிற்பவையும் தெரியாத சொற்களே.

பழங்காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறிய விதத்தைப் பார்த்தால் அவர்கள்மேல் பரிவுதான் வருகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் கிரேக்கத்தில் பெயர்த்தவர், "பெட்சீரா"வைத் திராட்சை அறுப்பைக் குறிக்கும் "பாட்சீர்" என்று படித்துவிட்டார் போலிருக்கிறது. அங்கே "அறுவடை ஆயத்தமாயிருந்தது" என்று ஒரு வாக்கியம் திடீரென முளைக்கிறது. அதற்கடுத்து, கருவிகளுக்கு "ஒரு பல்லுக்கு மூன்று சேக்கல்" என்று ஒரு விலை வருகிறது (சேக்கல் என்பது அக்காலத்து நிறை அளவு). அறுவடை எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சிரித்துவிடலாம். ஆனால் விலை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மறந்துவிடக் கூடாது, பின்னால் அது உதவும். லத்தீனில் பெயர்த்த ஜெரோம், கருவிகளின் முனைகள் மழுங்கிக் கிடந்தன என்று எழுதி அந்த இடத்தைக் கடந்துவிட்டார்.

இடைக்கால யூத உரையாசிரியர்கள் "பீம்" என்பதை "பே" என்ற சொல்லோடு சேர்த்தார்கள். "பே" என்றால் வாய். எபிரெயத்தில் வாளின் கூர்ப்பகுதியையும் வாய் என்றே சொல்வார்கள். ஆகவே "பீம்" என்பது பல வாய்களை, அதாவது பல கூர்களை உடையது. பல கூர்களை உடைய கருவி அரம். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் ஆங்கில வேதாகமம் இந்த வழியில் சென்று, ஓரக்குறிப்பில் "வாய்களையுடைய அரம்" என்று மூலத்தின் பொருளையும் கொடுத்தது. நம் தமிழ் வேதாகமத்தின் அரமும் இந்த மரபில் வந்ததே. அந்த விளக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது: "பே"யின் பன்மை வேறு எங்கும் "பீம்" என்று வருவதில்லை. இருந்தாலும் அதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இல்லை.

கடைக்காரரின் கல்

எருசலேமுக்கு மேற்கே, மலைநாடு இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் கேசேர் என்னும் பழைய நகரத்தின் மேடு இருக்கிறது. அங்கே 1902 முதல் 1905 வரையிலும், மீண்டும் 1907 முதல் 1909 வரையிலும் ஆர். ஏ. எஸ். மெக்காலிஸ்டர் அகழாய்வு செய்தார். 1912இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் மற்றப் பொருள்களோடு ஒரு சின்ன எடைக்கல்லின் படமும் இருந்தது. அதுபோன்ற இன்னொரு கல்லை 1907இலேயே பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ வெளியிட்டிருந்தார். பின்னர் யூதா நாட்டின் பல இடங்களிலிருந்து இவ்வகைக் கற்கள் வரிசையாகக் கிடைத்தன.

கல்லின் அமைப்பு எளிமையானது. மெருகேற்றப்பட்ட கல், அடிப்பக்கம் தராசுத் தட்டில் உருளாமல் உட்காருவதற்காகத் தட்டையாகவும், மேற்பக்கம் குவிந்தும் இருக்கும், குறுக்களவு சுமார் 15 மில்லிமீட்டர், ஒரு சிறிய நெல்லிக்காய் அளவுதான். குவிந்த தலையில் பழைய எபிரெய எழுத்தில் மூன்றே எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன: பே, யோத், மேம். சேர்த்துப் படித்தால் "பீம்". எடை 7.6 முதல் 7.8 கிராம் வரை. அந்தக் காலத்து யூதாவின் சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே பீம் என்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு சேக்கல். அரமும் இல்லை, வாயும் இல்லை. அது ஒரு நிறை.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது எடைக்கணக்கு அன்று. வசனம் தலைகீழாகத் திரும்பிய விதம்தான். அதுவரை அந்த வசனம் இஸ்ரவேலரிடம் என்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று சொல்கிறது. கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் தீட்டுகூலி ஒரு பீம். 20ஆம் வசனத்தோடு இருந்த பிணக்கு ஒரே நொடியில் தீர்ந்தது: பெலிஸ்தரிடம் போனார்கள், போன இடத்தில் இவ்வளவு கொடுத்தார்கள். அடுக்கிக்கொண்டே வந்த கதைசொல்லி நடுவில் ஆறுதல் சொல்ல நிற்கவில்லை. விலைப்பட்டியலைப் படித்துக் காட்டுகிறார். அதிகாரத்தின் கசப்பு குறையாமல் அப்படியே அடுத்த வசனத்துக்குள் இறங்குகிறது. 20ஆம் வசனத்தின் எபிரெய வினைச்சொல்லும் வெறுமனே "போனார்கள்" அன்று, "இறங்கினார்கள்" என்பதே. மிக்மாஸ் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். பெலிஸ்தரின் நகரங்கள் கடலோரச் சமவெளியில். கொழுவைச் சுமந்துகொண்டு இறங்கி, கூலியை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் மலையேற வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெலிஸ்தர் இரும்பின் இரகசியத்தைத் தங்களுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள் என்று இந்தப் பகுதியை விளக்குவது வழக்கம். எபிரெய மூலத்தில் இந்த வசனங்களில் இரும்பு என்ற சொல்லே இல்லை; "கொழுவிரும்பு" என்பது தமிழ் வழக்கு தந்தது. இல்லாமற்போனது உலோகம் அன்று, கொல்லன். உழவனின் கருவியைத் தீட்டும் கையைத் தன் ஊரில் வைத்துக்கொண்டால், அவன் எப்போது எதைத் தீட்டுகிறான் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கண்காணிப்புக்கான செலவையும் அவன் தலையிலேயே கட்டினார்கள் என்பதைத்தான் பீம் சொல்கிறது.

இன்னொரு சுவையான திருப்பமும் இருக்கிறது. எபிரெயத்தில் "பே" வாயைக் குறிப்பதோடு பங்கையும் குறிக்கும். மூத்த மகனுக்கு இரண்டு பங்கு கொடுக்கச் சொல்லும் உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் "பீ ஷ்னாயிம்", சொல்லுக்குச் சொல் "இரண்டு வாய்", என்று இருக்கிறது. சகரியா 13ஆம் அதிகாரத்தில், இரண்டு பங்கு மனிதர் மாண்டு மூன்றாம் பங்கு மீதியாகும் என்னும் இடத்திலும் அதே தொடர். அங்கே அது தெளிவாகவே மூன்றில் இரண்டு பங்கு. அக்காத் மொழியில் மூன்றில் இரண்டைக் குறிக்கும் "ஷினிப்பு" என்ற சொல்லையும் இதனோடு சேர்த்து, பீம் என்பதே "இரு வாய்", அதாவது மூன்றில் இரு பங்கு என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் வாய் என்று சொன்ன பழைய உரையாசிரியர்கள் சொல்லின் வேரைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். கருவியின் வாய் என்று எண்ணிவிட்டார்கள். அது பங்கின் வாய். அவர்கள் கையில் தராசு இல்லை, அவ்வளவுதான்.

அரிய சொல் யாருக்கு?

அரிய சொல் என்று இவற்றுக்கு நாம் பெயர் வைத்திருப்பதே எனக்கு இப்போது பொருத்தமாகப் படவில்லை. யாத்திராகமம் 38:26இல் "பெக்கா" என்னும் நிறை வரும்போது, அது அரைச்சேக்கல் என்று வசனமே விளக்கம் சொல்லிவிடுகிறது. பீமுக்கு அப்படி யாரும் விளக்கம் சொல்லவில்லை. எழுதியவருக்கு அதை விளக்க வேண்டும் என்ற எண்ணமே வந்திருக்காது. சந்தைக்குப் போகும் ஒவ்வொருவரும் வெள்ளித் துண்டுகளை நிறுக்கும்போது கண்ணால் பார்த்த கல் அது. உபாகமம் 25இல் "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்" என்று தடுக்கப்படுகிறதே, அந்தப் பையில் கிடந்தது. ஒரு புத்தகத்தில் ஒருமுறை வந்த சொல், ஊரில் நாளுக்கு நூறு முறை வாயில் புழங்கியிருக்கும். அரம் என்று எல்லாரும் படித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் விளக்கம் மண்ணுக்கடியில், யாரோ ஒரு வணிகரின் பையிலிருந்து விழுந்த இடத்தில், எழுத்து அழியாமல் கிடந்தது.

ஒரு பீம் எவ்வளவு பெரிய தொகை? வசனத்தில் வெள்ளி என்ற சொல் இல்லை. ஆனால் நாணயம் புழங்காத காலத்தில் நிறுத்துக் கொடுப்பது வெள்ளிதான் என்று கொள்வதில் தவறில்லை. நியாயாதிபதிகள் 17இல் மீகா என்பவன் ஒரு லேவியனைத் தன் வீட்டு ஆசாரியனாக அமர்த்தும்போது பேசும் சம்பளம், ஆடையும் ஆகாரமும் போக, ஆண்டுக்குப் பத்து வெள்ளி. அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பீம் அந்த ஆண்டுச் சம்பளத்தில் பதினைந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 24 நாள் பணம். எரேமியா 32இல் தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார். விலை 17 சேக்கல், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். ஆனதோத்தும் மிக்மாசும் ஒரே பென்யமீன் நாட்டு ஊர்கள், ஒரு காலைப்பொழுதில் நடந்துவிடலாம். எரேமியாவின் விலையில் இருபத்தைந்து பீமுக்கு ஒரு நிலம் கிடைக்கிறது. முற்றுகைக்கால விலை அது, நிலத்தின் அளவும் தெரியாது என்பதையெல்லாம் தள்ளுபடி செய்தாலும், ஒரு கொழுவை இருபத்தைந்து முறை தீட்டும் கூலியில் ஒரு நிலமே வாங்கலாம் என்ற நிலை சாதாரணமானதன்று. விலை என்பதைவிடக் கொள்ளை என்பதே அதற்குப் பொருந்தும்.

இவ்வளவையும் எங்கள் வேதபாட வட்டத்தில் சொன்னபோது மூத்தவர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. "அரத்தை எடுத்துப்போட்டு ரசீதைக் கொடுக்கிறீங்களே தம்பி, இதுல ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்றார். நல்ல கேள்வி. எனக்கென்னவோ அந்த ரசீதில்தான் ஜனங்கள் தெரிகிறார்கள். அரத்தைப் பற்றிய பிரசங்கத்தில் உழவன் ஓர் உருவகமாக நின்றான். கூலியைப் பற்றிய வசனத்தில் அவன் வெள்ளியை எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

கல் சொல்லும் காலம்

ஆனால் கல் ஒரு கணக்கைத் தீர்த்துவிட்டு இன்னொன்றைத் திறந்துவிட்டது. அதை மறைத்துவிட்டுப் பேசுகிறவர்கள் மிகுதி. பீம் என்று பொறித்த கற்களில் பெரும்பாலானவை கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 7ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. சவுலின் கதை நடப்பதாகச் சொல்லப்படுவது கி.மு. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில். நடுவே முந்நூறு ஆண்டு இருக்கிறது. அமெரிக்கத் தொல்லியலாளர் வில்லியம் டீவர் இந்தக் கல்லை ஒரு பக்கத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட்டார்: பாபிலோனியர் யூதாவை அழித்தபின் இந்த நிறை வழக்கொழிந்துவிட்டது, ஆகவே இந்தக் கதையைப் பாரசீகர் காலத்திலோ கிரேக்கர் காலத்திலோ யாரோ உட்கார்ந்து கற்பனை செய்தார்கள் என்று சொல்ல முடியாது, அவர்களுக்குப் பீம் என்ற சொல்லே தெரிந்திருக்காது. வலுவான வாதம். கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கு அது தெரியவில்லை என்பதே அதற்குத் துணை நிற்கிறது.

அதே சாட்சி மறுபக்கமும் பேசும் என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. கல் உறுதிசெய்வது எழுதியவரின் காலத்தை. கதைமாந்தரின் காலத்தை அன்று. கி.மு. 7ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஒருவர், தன் காலத்துச் சந்தை நிறையைக் கொண்டு முன்னோர் கொடுத்த கூலியைச் சொல்லியிருக்கலாம். பழைய மரபு ஒன்று கைமாறி வரும்போது நிறையின் பெயர் மட்டும் புதிதாகியிருக்கலாம். எடைக்கல்லில் பெயர் பொறிக்கும் வழக்கம் பின்னால் வந்ததே ஒழிய, நிறை அதற்கு முன்பும் இருந்திருக்கலாம் என்றும் வாதாடலாம். "தொல்லியல் வேதத்தை மெய்ப்பித்தது" என்ற தலைப்போடு பீம் கல்லின் படம் சுற்றிவரும்போதெல்லாம், எதை மெய்ப்பித்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சொல்லின் பொருளை மெய்ப்பித்தது. அதுவே பெரிய காரியம்; அதன்மேல் ஏழு மாடி கட்ட வேண்டியதில்லை.

தமிழர்களாகிய நமக்கு இந்த இடத்தில் ஒரு சொந்த ஆசை குறுக்கே வரும். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த "துக்கி" நம் "தோகை"தான் என்று கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணக் காலத்திலிருந்து நாம் சொல்லி வருகிறோம். அந்தச் சொல்லும் அரியதுதான். ராஜாக்களின் முதல் நூலிலும் நாளாகமத்தின் இரண்டாம் நூலிலும் ஒரே செய்தியில் மட்டும் வருகிறது. பழைய லத்தீனும் மயில் என்றே பெயர்த்தது. எகிப்திய மொழியைக் கொண்டு அது ஒருவகைக் குரங்கு என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மயில் பக்கம்தான் சாய்வு. ஆனால் பீமுக்குக் கிடைத்ததுபோல் ஒரு கல் அதற்குக் கிடைக்கவில்லை. ஒலி ஒற்றுமை ஒரு நல்ல ஊகம். பெயர் பொறித்த பொருள் கையில் கிடைப்பது வேறு.

இனி அந்த வசனத்தில் மிச்சம் இருப்பவை. "பெட்சீரா" இன்னும் தீரவில்லை. வற்புறுத்துதல், நெருக்குதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்ததென்றால், அது தீட்டும் வேலையையும் குறிக்கலாம், வசூலிக்கும் கட்டணத்தையும் குறிக்கலாம். எதுவானாலும் கணக்கு மாறாது. "முக்கூருள்ள ஆயுதம்" தான் சுவையானது. எபிரெயத்தில் "ஷ்லோஷ் கில்லெஷோன்" என்று நிற்கும் எழுத்துகளைச் சற்றே மாற்றிப் பிரித்தால் "ஷ்லோஷ்", "ஷேக்கெல்", "ஷேன்" என்று மூன்று சொற்களாகும்: மூன்று, சேக்கல், பல். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் எழுதிய "ஒரு பல்லுக்கு மூன்று சேக்கல்" இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பாவம், அறுவடையில் சறுக்கியவர் இங்கே மூலத்துக்கு மிக அருகில் நின்றிருக்கிறார். "ஷ்லோஷ்" என்பதை "ஷ்லீஷ்" என்று படித்தால் மூன்றில் ஒரு பங்கு. "ஷேன்" என்ற எழுத்துகள் கூராக்குதல் என்ற வினைக்கும் உரியவை. 1952இல் வந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு இப்படித்தான் படித்து, கோடரியைத் தீட்ட மூன்றிலொரு சேக்கல் என்று எழுதியது. பெரும்பாலோர் இதை ஊகம் என்று அடைப்புக்குள் வைப்பார்கள். நான் இதன் பக்கம் நிற்கிறேன். மூன்று சேக்கல் என்றால் மீகாவின் லேவியனுக்கு நூறு நாளைக்கு மேலான பணம். எந்தக் கொள்ளைக்காரக் கொல்லனும் ஒரு கோடரிக்கு அவ்வளவு கேட்க மாட்டான். மூன்றிலொரு சேக்கல் என்றால் கணக்கு இடறாமல் உட்காருகிறது: கொழுவுக்கும் மண்வெட்டிக்கும் ஒரு பீம், கோடரிக்கும் மாடோட்டும் தாற்றுக்கோலுக்கும் அதில் சரிபாதி.